இசபெல் யுப்பேர்: ஐம்பதாண்டு நடிப்பை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

'தி பூர் சான்' என்றொரு பிரெஞ்சுத் தொலைக்காட்சித் தொடர் உண்டு. 'பத்து சதவீதம்' என்று பொருள். நடிகர்களின் ஏஜென்டுகள் எடுத்துக்கொள்ளும் கமிஷன் அது. ஒவ்வொரு பகுதியிலும் ஒரு நிஜ நட்சத்திரம் தன் சொந்தப் பெயரிலேயே வந்து தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்வார். 2018-இல் வந்த மூன்றாம் சீசனில் இசபெல் யுப்பேரின் முறை. நட்சத்திரத் திமிர், பழைய காதல்கள் என்று எதை வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். கதாசிரியர்கள் எடுத்துக்கொண்டது வேறு: இந்த அம்மாவால் வேலையை நிறுத்த முடியவில்லை. ஒரு படத்தில் ஒப்பந்தமாகியிருக்கும்போதே இன்னொரு படத்திலும் நடிக்கிறார். ஒரே இரவில் ஒரு படப்பிடிப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தெரியாமல் ஓடுகிறார். அப்போது அவருக்கு வயது 65. பிரான்சில் அதைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு இது மிகை என்று தோன்றியிருக்காது.

120-க்கும் மேற்பட்ட படங்கள். இடையிடையே நாடகங்கள். புதிதாக வருகிறவர் இந்தப் பட்டியலின் முன்னால் திகைத்து நிற்பதில் வியப்பில்லை. எந்தப் படத்தைத் தொட்டாலும் ஏதோ ஒரு தொடரின் நடுவில் வந்து உட்கார்ந்ததுபோல் இருக்கும். அந்தத் தொடர் எது, அது எப்படி அறுபடாமல் ஓடியது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் பெயர். தமிழில் 'ஹுப்பர்ட்' என்று எழுதுவதுண்டு. பிரெஞ்சில் முதலிலுள்ள 'எச்' ஒலிக்காது, கடைசியிலுள்ள 'டி'யும் ஒலிக்காது. 'யுப்பேர்' என்பதே நெருக்கமான உச்சரிப்பு. தேடும்போது இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

விருதுக் கணக்கை வாசிக்கும் முறை

1953 மார்ச் 16-இல் பாரிஸில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. வெர்சாயிலும் பாரிஸிலும் நாடகப் பயிற்சி. 1971-இல் தொலைக்காட்சி, 1972-இல் முதல் சினிமா. இளமைக் கதை இவ்வளவு போதும். அவருடைய நடிப்பை விளக்க அது அதிகம் உதவாது.

விருதுகளைக் கூட்டிப் பார்ப்பதைவிட அவற்றுக்கு இடையிலுள்ள இடைவெளிகளைப் பார்ப்பது பயன் தரும். கான் விழாவின் சிறந்த நடிகை விருது 1978-இல் ஒருமுறை, 2001-இல் மறுமுறை. நடுவில் 23 ஆண்டுகள். வெனிஸ் விழாவில் சிறந்த நடிகைக்கான வோல்ப்பி கோப்பை 1988-இலும் 1995-இலும். ஆஸ்கருக்கு ஒரே ஒரு பரிந்துரை, அதுவும் 63-ஆம் வயதில், பிரெஞ்சு மொழிப் படத்துக்காக. 2022-இல் வாழ்நாள் சாதனைக்காக பெர்லின் விழாவின் கௌரவத் தங்கக் கரடி. 2024-இல் வெனிஸ் நடுவர் குழுவுக்குத் தலைமை.

இந்த விருதுகள் ஒரே வகை அல்ல என்பது புதியவர்களுக்குக் குழப்பம் தரும் இடம். கான், வெனிஸ், பெர்லின் விழாக்களில் ஒரு சிறிய நடுவர் குழு, அந்த ஆண்டு போட்டிக்கு வந்த சுமார் இருபது படங்களைப் பார்த்து முடிவு செய்கிறது. குழு மாறினால் ரசனையும் மாறும். சேசார் விருது வேறு. 1976-இல் தொடங்கியது, பிரெஞ்சுத் திரைத்துறையினரே உறுப்பினர்களாக இருக்கும் அகாதெமி வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறது. அதாவது அது சகதொழிலாளிகளின் மதிப்பீடு. யுப்பேருக்கு முதலாம் ஆண்டிலேயே துணை நடிகை பரிந்துரை கிடைத்தது. மொத்தம் 16 பரிந்துரைகள், நடிகைகளில் அதுவே அதிகம். வென்றது இரண்டே முறை. ஊர்க்காரர்கள் ஒவ்வொரு முறையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள், ஆனால் மாலையை வேறு யாருக்காவது போட்டார்கள் என்று சொல்லலாம். அவர் நடிக்கும் பெண்கள் சுலபத்தில் அன்பு சம்பாதிக்கிறவர்கள் இல்லை என்பது காரணமாக இருக்கலாம்.

முகமா, இயக்குநரா

நடிகையின் பணிவாழ்வு நீள்வதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. கத்தரீன் தெனேவை எடுத்துக்கொள்ளுங்கள். 1964-இல் உலகப் புகழ். 1970-களில் ஷனேல் வாசனைத் திரவியத்தின் விளம்பர முகம். 1985-இல் பிரெஞ்சுக் குடியரசின் உருவகமான மரியானின் சிலைக்கே மாதிரி முகம். அவர் படத்தில் வந்து நின்றாலே 'தெனேவ்' வந்துவிடுகிறார். இயக்குநர்கள் அந்தப் பிம்பத்தோடு விளையாடுகிறார்கள். இதுவும் கடினமான கலைதான், குறைத்துச் சொல்வதற்கில்லை.

யுப்பேர் அப்படியொரு பிம்பத்தைச் சேமிக்கவில்லை. வேடத்தைப் பார்த்து ஒப்புக்கொள்வதைவிட இயக்குநரைப் பார்த்து ஒப்புக்கொள்கிறவர் அவர். நாயகியா, துணைப் பாத்திரமா, நல்லவளா கெட்டவளா என்பதெல்லாம் அப்புறம். ஆஸ்திரிய இயக்குநர் மைக்கேல் ஹானக்கேயின் 'அமூர்' படத்தில் அவர் முதிய தம்பதியின் மகளாகச் சில காட்சிகளே வருகிறார். அந்தப் படம் 2012-இல் கானின் உச்ச விருதான தங்கப் பனையை வென்றது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன் அதே விழாவின் நடுவர் குழுத் தலைவராக இருந்தவர் அவர். எங்கே தன் பெயர் எத்தனாவது இடத்தில் வருகிறது என்று எண்ணும் நடிகைக்கு இது நடக்காது.

இதில் ஒரு நடைமுறை லாபமும் இருக்கிறது. அழகும் இளமையும் முதலீடாக இருந்தால் நாற்பதில் கணக்கு சுருங்கத் தொடங்கும். இயக்குநர்கள் முதலீடாக இருந்தால், அவர்களுக்கு வயதானாலும் புதியவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். அவரை ஏழு படங்களில் இயக்கிய க்ளோத் ஷப்ரோல் 1930-இல் பிறந்தவர். யுப்பேரை மனதில் வைத்தே ஒரு படம் எழுதிய மியா ஹான்சன்-லவ் பிறந்தது 1981. இரண்டு தலைமுறை இடைவெளி, ஒரே நடிகை.

ஷப்ரோலுடன் ஏழு படங்கள்

அவரைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கதவுதான் திறக்கலாம் என்றால் அது க்ளோத் ஷப்ரோல். 1978 முதல் 2006 வரை 28 ஆண்டுகளில் ஏழு படங்கள். ஷப்ரோலின் குழுவில் பலர் நிரந்தரம்: படத்தொகுப்பு மோனிக் ஃபார்துலி, இசை மகன் மாத்யூ ஷப்ரோல், தொடர்ச்சிக் குறிப்பு மனைவி ஓரோர். வீட்டுச் சமையலறைக்குள் நுழைவதுபோல் யுப்பேர் ஒவ்வொரு முறையும் அந்தப் படப்பிடிப்புக்குள் நுழைந்திருக்க வேண்டும். எந்தப் பாத்திரம் எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டியதில்லை.

முதல் படம் 'வியோலெத் நோசியேர்'. 1933-இல் நடந்த உண்மை வழக்கு: பதினெட்டு வயதுப் பெண் பெற்றோருக்கு விஷம் கொடுக்கிறாள், தந்தை இறக்கிறார், தாய் பிழைக்கிறாள். ஏன் செய்தாள்? பணமா, வீட்டுக்குள் நடந்த அக்கிரமமா, சலிப்பா? எல்லாவற்றுக்கும் படத்தில் குறிப்புகள் உண்டு, தீர்ப்பு இல்லை. யுப்பேரும் தருவதில்லை. ஒரு நடிகை இந்த மாதிரிப் பாத்திரத்தில் கண்ணீர் வழியாக மன்னிப்புக் கேட்பது எளிது. முகத்தில் குரூரம் பூசிக்கொள்வது அதைவிட எளிது. அவர் இரண்டையும் தவிர்க்கிறார். கானில் அவருக்குக் கிடைத்த முதல் விருது இதற்குத்தான்.

பத்தாண்டு கழித்து 'யூன் அஃபேர் த ஃபாம்', 'பெண்கள் விவகாரம்' என்று பொருள். இதுவும் உண்மையை ஒட்டியது. ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் ஷெர்பூர்ப் பகுதியில் கருக்கலைப்புச் செய்துவந்த மாரி-லூயிஸ் ஜிரோ என்ற பெண் 1943 ஜூலை 30-இல் கில்லட்டினில் கொல்லப்பட்டார். படத்தில் பெயர் மாரி. முதலில் அண்டை வீட்டுப் பெண்ணுக்கு உதவியாகச் செய்கிறாள். பிறகு பணம் வருகிறது. வீட்டுக்கு நல்ல சாப்பாடு வருகிறது. அறையை விலைமாதர்களுக்கு வாடகைக்கு விடுகிறாள். பாடகியாகும் ஆசை வருகிறது. தியாகியாகவும் இல்லாமல் பேராசைக்காரியாகவும் இல்லாமல், பசி தீர்ந்த ஒரு பெண்ணின் சந்தோஷத்தை யுப்பேர் முகத்தில் கொண்டுவருகிறார். அந்தச் சந்தோஷம்தான் கடைசிக் காட்சிகளைத் தாங்க முடியாதவையாக ஆக்குகிறது. வெனிஸின் முதல் வோல்ப்பி கோப்பை இதற்கு.

1995-இல் வந்த 'லா செரெமோனி' ஷப்ரோல் வரிசையின் உச்சம். ரூத் ரெண்டலின் ஆங்கில நாவலைத் தழுவியது; கதை பிரான்சின் பிரிட்டனிப் பகுதிக்கு மாற்றப்பட்டிருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத வேலைக்காரப் பெண் சோஃபியாக சாந்த்ரீன் பொனேர். ஊர்த் தபால் அலுவலகப் பெண் ஜான் ஆக யுப்பேர். அடர்த்தியான அமைதி பொனேரிடம். யுப்பேருக்கு வாயாடித்தனம், இரட்டைப் பின்னல், சூயிங்கம். மற்றவர்களின் கடிதங்களைப் பிரித்துப் படிக்கும் இந்தப் பெண் பார்க்கச் சிரிப்பாகவே இருக்கிறாள். அந்தச் சிரிப்பு எங்கே புளிக்கத் தொடங்குகிறது என்று கண்டுபிடிக்கப் பாருங்கள். இரண்டாம் முறை பார்க்கும்போது, நீங்கள் நினைத்ததைவிட வெகு முன்னாலேயே அது தொடங்கிவிட்டது தெரியும். இரு நடிகைகளும் வெனிஸ் விருதைப் பகிர்ந்துகொண்டார்கள். யுப்பேருக்கு முதல் சேசாரும் கிடைத்தது.

மற்ற நான்கு: 1991-இல் 'மதாம் பொவாரி', 1997-இல் ஏமாற்றுக்காரியாக ஒரு லேசான நகைச்சுவை, 2000-இல் சாக்லேட் பானத்தில் மயக்க மருந்து கலக்கும் சுவிஸ் சீமாட்டி, 2006-இல் பெருநிறுவன ஊழலை விசாரிக்கும் நீதிபதி. 'மதாம் பொவாரி' மட்டும் நாவலுக்கு அளவுக்கு மீறி மரியாதை செய்து விறைத்துப்போன படம். அவசரமில்லை, தள்ளி வைக்கலாம்.

ஏழிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. பெரும்பாலும் சட்டத்தின் கண்ணில் குற்றவாளிகளான பெண்கள். காரணம் முழுவதும் சொல்லப்படுவதில்லை. காரணத்தைப் பார்வையாளருக்குக் கொடுக்காமல், ஆனால் தன்னிடம் இருப்பதுபோல் நடிப்பது எப்படி என்பதை 28 ஆண்டுகள் ஒரே ஆசிரியரிடம் பழகியிருக்கிறார்.

1980: ஒரே ஆண்டில் ஏற்றமும் சரிவும்

நீண்ட பணிவாழ்வில் பெரிய தோல்வியை எப்படித் தாண்டினார் என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்க இயக்குநர் மைக்கேல் சிமினோ தன் பெரும் பட்ஜெட் வெஸ்டர்ன் படமான 'ஹெவன்ஸ் கேட்'டில் விலைமாதர் விடுதி நடத்தும் 'எல்லா' என்ற பெண்ணின் பாத்திரத்துக்கு யுப்பேரே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். தயாரிப்பு நிறுவனமான யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸுக்கு விருப்பமில்லை. அமெரிக்காவில் பெயர் தெரியாதவர், ஆங்கில உச்சரிப்பு சரியில்லை என்றது. சிமினோ வென்றார். படம் தோற்றது. செலவு சுமார் 4 கோடியே 40 லட்சம் டாலர். அமெரிக்கத் திரையரங்குகளில் வசூல் 35 லட்சம் டாலர் அளவே. அடுத்த ஆண்டே நிறுவனம் எம்.ஜி.எம்-முக்கு விற்கப்பட்டது.

ஹாலிவுட்டுக்கென்று வீட்டைக் காலி செய்துவிட்டுப் போன நடிகையாக இருந்திருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும். ஆனால் அதே 1980-இல் கான் போட்டிப் பிரிவில் அவர் நடித்த இரண்டு பிரெஞ்சுப் படங்கள் இருந்தன: கோதாரின் 'சோவ் கி ப்பூ', மொரீஸ் பியாலாவின் 'லூலூ'. ஹங்கேரிய இயக்குநர் மார்த்தா மேசாரோஷின் படம் ஒன்றும் அதே ஆண்டு வந்தது. ஒரு படம் கவிழ்ந்தாலும் அடுத்த வாரம் போய் நிற்க இன்னொரு படப்பிடிப்பு இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு மூன்று படம் என்ற வேகம் இப்படித்தான் காப்பீடாக மாறுகிறது. 'லூலூ'வில் ஜோடியாக நடித்த ஜெரார் தெபார்தியுவோடு 35 ஆண்டு கழித்து, 2015-இல், 'வேலி ஆஃப் லவ்' படத்தில் மகனை இழந்த பெற்றோராக மீண்டும் வந்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் காலம் என்ன செய்யும் என்பது ஒப்பனை இல்லாமலே தெரியும்.

டிக்கெட்டுக்குள் இருக்கும் பணம்

நடிகையின் தேர்வு ஒருபக்கம். தேர்ந்தெடுக்க நடுத்தர அளவுப் படங்கள் தொடர்ந்து எடுக்கப்பட வேண்டுமே? ஐம்பது வயதுப் பெண்ணை மையமாக வைத்த, பெரிய வசூலுக்கு வாய்ப்பில்லாத படங்களுக்கு யார் பணம் போடுகிறார்கள்? பிரெஞ்சுத் திரையைப் பற்றிப் படிப்பவர்கள் பெரும்பாலும் தாண்டிப்போகும் பகுதி இது.

1946-இல் தொடங்கப்பட்ட தேசியத் திரைப்பட மையம் (சுருக்கமாக செ.என்.சே.) இதன் அச்சாணி. பிரான்சில் விற்கும் ஒவ்வொரு சினிமா டிக்கெட்டின் விலையிலும் 10.72 சதவீதம் ஒரு தனி வரியாகப் பிரிந்து இந்த மையத்துக்குப் போகிறது. 10 யூரோ டிக்கெட் என்றால் ஒரு யூரோவுக்குச் சற்று மேல். அமெரிக்கப் படத்துக்கு வாங்கிய டிக்கெட்டிலும் இதே பிடித்தம். ஆகவே பாரிஸில் ஒரு ஹாலிவுட் படம் ஓட ஓட, பிரெஞ்சுப் படத்துக்கான நிதி சேர்கிறது. தொலைக்காட்சி நிறுவனங்களும் இந்த மையத்துக்கு வரி செலுத்துகின்றன. அதுபோக, தங்கள் வருவாயில் ஒரு பங்கைத் திரைப்படத் தயாரிப்பில் போட்டாக வேண்டும் என்ற கட்டாயமும் அவற்றுக்கு உண்டு.

சேர்ந்த பணம் இரண்டு வழிகளில் திரும்புகிறது. ஒன்று தானாக வருவது: ஒரு தயாரிப்பாளரின் படம் ஓடினால், அந்த அளவுக்கேற்ப அவர் கணக்கில் தொகை ஏறும், அதை அடுத்த படத்தில்தான் போட முடியும். மற்றொன்று தேர்வு செய்து கொடுப்பது: 1959 முதல் நடப்பிலுள்ள 'வசூல் முன்பணம்'. திரைக்கதையைப் படித்து ஒரு குழு முடிவு செய்யும். வட்டியில்லாக் கடன், படம் வசூலித்தால் திருப்பித் தர வேண்டும், வசூலிக்காவிட்டால் முழுவதும் திரும்பாது. நஷ்டத்தில் ஒரு பகுதியைப் பொது நிதி தாங்குவதால், முதல் படம் எடுக்கும் இளைஞருக்கும் கரடுமுரடான கதை வைத்திருக்கும் மூத்தவருக்கும் துணிச்சல் வருகிறது.

இதற்கு மேல் தயாரிப்பாளர்கள். மாரின் கார்மித்ஸ் என்ற பெயரை நினைவில் வையுங்கள். எம்கே2 நிறுவனத்தின் நிறுவனர், பாரிஸில் திரையரங்குகளும் வைத்திருந்தவர். 'யூன் அஃபேர் த ஃபாம்' தொடங்கி 2000 வரை ஷப்ரோல்–யுப்பேர் படங்கள் அவர் தயாரிப்பு. ஹானக்கேயின் 'லா பியானிஸ்த்'திலும் அவர் பங்கு இருக்கிறது. தயாரிப்பாளர், இயக்குநர், நடிகை மூவரும் ஒரே இடத்தில் பத்துப் பதினைந்தாண்டு நிலைத்திருந்தால் ஒவ்வொரு படமும் முந்தையதன் தோளில் ஏறி நிற்கும்.

இந்த அமைப்பு எல்லாருக்கும் நியாயமானது என்று சொல்ல வரவில்லை. பெயர் பெற்ற நடிகை ஒப்புக்கொண்டால் பணம் எளிதில் வரும், ஆகவே எல்லாரும் அதே ஐந்தாறு பேரிடம்தான் போகிறார்கள் என்ற குறை பிரான்சிலேயே உண்டு. யுப்பேர் அந்த ஐந்தாறு பேரில் ஒருவர்.

நடிப்பில் எதைக் கவனிப்பது

"இவர் ஒன்றுமே செய்யவில்லையே?" புதியவர்கள் பலரும் முதலில் கேட்பது இதைத்தான். பாதி உண்மை. உணர்ச்சியை முன்கூட்டியே அறிவிக்கும் வேலையை அவர் செய்வதில்லை. நம் கண் பழகியிருப்பது வேறு வரிசைக்கு: செய்தி வரும், முகம் மாறும், பிறகு வசனம் வரும். யுப்பேரிடம் செய்தி வரும், கை ஏதோ ஒரு வேலையைத் தொடரும், வசனம் தட்டையாக வரும், முகம் மிகவும் தாமதமாக, சில சமயம் அடுத்த காட்சியில், மாறும். அந்தத் தாமதத்தில்தான் பார்ப்பவர் தன் ஊகத்தை நிரப்புகிறார்.

1977-இல் வந்த 'லா தாந்தெலியேர்' இதற்கு ஆரம்பப் பாடம். சுவிஸ் இயக்குநர் க்ளோத் கொரெத்தாவின் படம். முடிதிருத்தகத்தில் வாடிக்கையாளர்களின் தலை அலசும் பெண்ணை எல்லாரும் ஆப்பிள் என்ற பொருளில் 'பொம்' என்று கூப்பிடுகிறார்கள். நார்மண்டிக் கடற்கரையில் ஒரு கல்லூரி மாணவனைச் சந்திக்கிறாள். அவன் நல்லவன்தான், ஆனால் அவளைப் படிக்கவைத்து உயர்த்தப் பார்க்கிறான், அவள் பேசாமல் இருப்பதை வெறுமை என்று நினைக்கிறான். பேசாமை எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதை யுப்பேர் உடம்பால் காட்ட வேண்டும். கடைசி ஷாட்டில் அவள் திரும்பிக் காமிராவை நேராகப் பார்க்கிறாள். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு உண்டா இல்லையா என்று நீங்களே சொல்லிப் பாருங்கள். இரண்டு பேர் பார்த்தால் இரண்டு பதில் வரும்.

பயிற்சிக்கு ஒரு வழி. ஏதேனும் ஒரு காட்சியை முதலில் சப்டைட்டிலோடு பாருங்கள். பிறகு சப்டைட்டிலை நிறுத்திவிட்டு அதே ஐந்து நிமிடத்தை மறுபடி ஓட்டுங்கள். கண் கீழே இறங்காததால் மூன்று விஷயங்கள் தெரியத் தொடங்கும்: கைகள் எந்தப் பொருளோடு வேலை செய்கின்றன, எந்த வேகத்தில் நடக்கிறார், எதிராளி பேசும்போது எங்கே பார்க்கிறார். கேட்கும் காட்சிகளில்தான் அவர் அதிகம் நடிக்கிறார். 'லா பியானிஸ்த்'தில் இளைஞன் வால்டர் பியானோ வாசிப்பதை ஆசிரியை எரிகா கேட்கும் இடத்தைப் பாருங்கள். அவளுடைய முகத்தில் ரசனை, பொறாமை, பயம் மூன்றும் ஏறக்குறைய அசைவே இல்லாமல் கடந்து போகும்.

மேடையிலும் இதே வழிதான், இன்னும் கடுமையாக. 2002-இல் க்ளோத் ரெஜி இயக்கிய '4.48 சைக்கோசிஸ்' நாடகத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரே இடத்தில் நகராமல் நின்று பேசினார். ராபர்ட் வில்சன் 2019-இல் இயக்கிய 'மேரி செட் வாட் ஷி செட்' தனியாள் நாடகத்தில் நேர்மாறு: ஸ்காட்லாந்து ராணி மேரியாக, மூச்சு விடாத வேகத்தில் ஒன்றரை மணி நேரம்.

2016: ஒரே பொருட்கள், இரண்டு சமையல்

பிப்ரவரியில் பெர்லினில் மியா ஹான்சன்-லவ்வின் 'லவ்னீர்' (வருங்காலம்). மே மாதம் கானில் பால் வெர்ஹோவனின் 'எல்' (அவள்). இரண்டிலும் யுப்பேருக்கு ஏறத்தாழ ஒரே வயது, ஒரே நகரம். இரண்டிலும் கணவன் உடன் இல்லாமல் போகிறான்; தொந்தரவு தரும் முதிய தாய் இருக்கிறாள், கதை நடக்கும்போதே இறக்கிறாள்; பேரக்குழந்தை பிறக்கிறது. இரண்டிலும் பூனைகூட இருக்கிறது. நடிப்பைப் படிக்க விரும்பும் ஒருவருக்கு இதைவிட வசதியான சோதனைச்சாலை கிடைக்காது.

'லவ்னீர்' நாயகி நாதலி தத்துவ ஆசிரியை. பேருந்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள். சன்னல் வழியாக, பிரிந்துபோன கணவன் புதுத் துணையோடு தெருவில் நடப்பது தெரிகிறது. அழுகை அப்படியே சிரிப்பாகத் திரும்புகிறது. வெட்டு இல்லாமல் ஒரு முகத்தில் நடக்கிறது அது. 'எல்' நாயகி மிஷேல் வீடியோகேம் நிறுவனம் நடத்துகிறவள். முதல் காட்சியிலேயே முகமூடி அணிந்தவன் வீட்டுக்குள் நுழைந்து அவளைப் பலாத்காரம் செய்கிறான். அவன் போனதும் உடைந்த பாத்திரங்களைக் கூட்டி அள்ளுகிறாள், குளிக்கிறாள், போனில் சாப்பாடு வரவழைக்கிறாள். அதிர்ச்சி இல்லை என்பதா இதன் பொருள்? கூட்டும் கையின் வேகத்தைப் பாருங்கள்.

'எல்' முதலில் அமெரிக்காவில் எடுக்கத் திட்டமிடப்பட்டது. திரைக்கதையே ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அங்கே முன்னணி நடிகைகள் யாரும் முன்வராததால் பாரிஸுக்குத் திரும்பியது. யுப்பேர் தொடக்கத்திலிருந்தே ஆர்வம் காட்டியவர். டச்சுக்காரரான வெர்ஹோவன் இதற்காகப் பிரெஞ்சு படித்துக்கொண்டு வந்தார். கோல்டன் குளோப், இரண்டாவது சேசார், அந்த ஒற்றை ஆஸ்கர் பரிந்துரை எல்லாம் இந்தப் படம் தந்தவை.

பார்க்கும் வரிசையும் சறுக்கும் இடங்களும்

பலரும் செய்யும் தவறு 'லா பியானிஸ்த்'தில் தொடங்குவது. எல்ஃப்ரீட யெலினெக்கின் நாவலை ஒட்டி ஹானக்கே எடுத்த இந்தப் படம் 2001-இல் கானில் நடிகை, நடிகர் விருதுகளோடு கிராண்ட் பிரி விருதையும் வாங்கியது. அந்தப் புகழ்தான் வினை. தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் காட்சிகளும் பாலியல் வன்முறையும் உண்டு. பழக்கமில்லாதவர் அந்த அதிர்ச்சியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, இவர் கடின முகக்காரி என்று முடிவு கட்டிவிடுவார். இதைக் கடைசிக்கு வையுங்கள்.

'லவ்னீர்' முதலில். இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு, யாரையும் பயமுறுத்தாது. அடுத்து 'லா செரெமோனி'. பிறகு பின்னோக்கி 'லா தாந்தெலியேர்'. நடுவில் மூச்சு வாங்க ஃப்ரான்சுவா ஓசோனின் 'உய்த் ஃபாம்' (எட்டுப் பெண்கள்). கொலை, பாட்டு, கேலி எல்லாம் கலந்த 2002-ஆம் ஆண்டுப் படம். இதில் யுப்பேர் சிடுசிடுப்பான முதிர்கன்னி ஓகுஸ்தீன். நகைச்சுவையில் அவர் எவ்வளவு தாராளமாக மிகை செய்வார் என்பதற்கு இதுவே சாட்சி. தெனேவும் இதில் இருக்கிறார், ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிறகு 'யூன் அஃபேர் த ஃபாம்', 'எல்', கடைசியில் 'லா பியானிஸ்த்'.

ஏழும் முடிந்தபின் கொரிய இயக்குநர் ஹாங் சாங்-சூவுடன் செய்த மூன்று படங்களுக்குப் போகலாம்: 2012, 2017, 2024. ஹாங் அன்றன்று காலையில் காட்சி எழுதி அன்றே எடுப்பவர், மிகச் சிறிய குழு. மூன்றாவது படத்தில் யுப்பேர் சியோலில் பிரெஞ்சு கற்றுத்தரும் பெண். மக்கொல்லி என்ற அரிசி மதுவைக் குடித்துக்கொண்டு, மாணவர்கள் சொல்லும் மன உணர்வைப் பிரெஞ்சில் அட்டையில் எழுதிக் கொடுக்கிறார். அவ்வளவுதான் கற்பிக்கும் முறை. 2024 பெர்லினில் நடுவர் குழுவின் பெரும் பரிசை வாங்கிய படம்.

டப்பிங் பதிப்பு வேண்டவே வேண்டாம். அவருடைய தட்டையான, சற்று உயர்ந்த சுருதிக் குரல் போனால் நடிப்பில் பாதி போய்விடும். ஒரு விநோதம்: 'லா பியானிஸ்த்' வியன்னாவில் நடந்தாலும் படத்தின் மொழி பிரெஞ்சு. சில ஆஸ்திரிய நடிகர்களுக்குப் பின்னணிக் குரல் போட்டிருப்பது வாயசைவில் தெரியும். அது உங்கள் பிரதியின் கோளாறு அல்ல.

ஆங்கிலத் தலைப்புகளிலும் ஏமாறலாம். 'யூன் அஃபேர் த ஃபாம்' ஆங்கிலத்தில் 'ஸ்டோரி ஆஃப் விமன்', 'லவ்னீர்' 'திங்ஸ் டு கம்', 'லா தாந்தெலியேர்' 'தி லேஸ்மேக்கர்'. 'திங்ஸ் டு கம்' என்ற பெயரில் 1936-இல் வந்த பிரிட்டிஷ் அறிவியல் புனைவுப் படம் ஒன்றும் இருப்பதால் ஆண்டைச் சேர்த்துத் தேடுங்கள்.

'ஹெவன்ஸ் கேட்' பார்ப்பதாக இருந்தால் நிமிடக் கணக்கைச் சரிபாருங்கள். 1980 நவம்பரில் 219 நிமிடமாக வெளியாகி, உடனே திரும்பப் பெறப்பட்டு, 1981-இல் 149 நிமிடமாக வெட்டப்பட்டு வந்தது. வெட்டியதில் யுப்பேரின் 'எல்லா' பாத்திரம் பெரிதும் அடிபட்டது. 2012-இல் மீட்டெடுத்த 216 நிமிடப் பதிப்புதான் பார்க்க வேண்டியது. 149 என்று போட்டிருந்தால் விட்டுவிடுங்கள்.